ஓட்டுநரிடம் பேசாதீர்கள்

சமையலறை வாசலில் நிற்கிறாள் எர்மெலிண்டா.
இரண்டு தரைக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டை, அவ்வளவுதான்.
தபால்காரன் மூன்றாம் முறை மணியடித்துவிட்டுப்
படியிறங்கிப் போகிறான்.
காலை யாரோ பசைபோட்டு ஒட்டிவிட்டார்கள் என்கிறாள்.
உடம்பு மட்டும் முன்னே போகப் பார்க்கிறது,
கட்டிய படகை அலை இழுப்பதுபோல.

இதே பெண்தான்
வெளியே வந்ததும்
குன்றின் நூற்றுப் பதின்மூன்று படிகளையும்
விறுவிறுவென ஏறுகிறாள்.
நடிப்பு என்றாள் எதிர்வீட்டு ஒதிலியா, என் காதில் விழும்படி.
முதல் வருடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
இதையும் எழுதிவிடுகிறேன்.

சமதரை காலுக்கு ஒன்றும் சொல்வதில்லை,
படி சொல்கிறது என்றார் மருத்துவர்:
இங்கே வை. இப்போது இங்கே.
அன்று மாலையே சிவப்பு நாடா வாங்கி
கூடத்திலிருந்து குளியலறை வரை
முழத்துக்கு ஒரு கோடு ஒட்டினேன்.
வாசலுக்கு வருவதற்குள் நாடா தீர்ந்தது.
மீண்டும் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சிரித்தாள்.
சிரித்தது குரல். முகத்துக்குச் செய்தி போய்ச்சேர
இப்போதெல்லாம் நேரமாகிறது.

வால்பரைசோ துறைமுகத்தில் முப்பது வருடம்
கப்பல் பெட்டிகளைக் கணக்கெடுத்தவள்.
எந்தப் பெட்டி எதன்மேல், எதை முதலில் இறக்குவது,
காகிதம் பாராமல் சொல்வாள்.
நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னார்கள்.
தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.
எழுபத்தொன்பது என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.
கடிகாரம் வரைந்தாள்: பன்னிரண்டு எண்களும்
வலப்பக்கம் நெரிசலாக,
இடப்பக்கம் வெறும் கடல்.

சூப் வைக்கிறேன் என்று போன அன்று
சட்டியில் தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது.
பூசணிக்காய் முழுசாக மேசைமேல்.
கையில் கத்தி.
"எதை முதலில், நிபால்தோ?"

நடக்கும்போது பேசக்கூடாது, அது இன்னொன்று.
உள்ளே இப்போது ஒரே ஒரு கூலியாள்தான்,
பேச்சைத் தூக்கினால் காலைக் கீழே போட்டுவிடுகிறான்
என்று அவளே சொன்னாள்.
நான் பஸ் ஓட்டியவன்.
ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்ற பலகை
இருபத்திரண்டு வருடம் என் தலைக்குமேல் தொங்கியது.
ஒருவரும் மதித்ததில்லை, நான் உட்பட.
இப்போது மதிக்கிறேன்.

படிகளில் வாயைத் திறப்பதில்லை.
இருபது படிக்கு ஒரு திருப்பம்.
அங்கே கைப்பிடியில் சாய்ந்து
சேர்த்துவைத்ததையெல்லாம் பேசித் தீர்க்கிறோம்:
அடுத்த மாத்திரை, மின்கட்டணம்,
மூன்றாம் திருப்பத்தில்
தொண்ணூற்றாறில் நான் செய்த துரோகம்.
மறதி அந்தப் பக்கம் மட்டும் போகவே இல்லை.

நேற்று நான்காம் திருப்பத்துக்குக் கீழே நின்றாள்.
நாய் படுத்திருக்கிறது என்றாள்.
படிக்கொரு நாய் கிடக்கிற ஊர் இது.
அவள் காண்பதில் எது நாய் என்று
குனிந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும்.
குனிந்தேன். ஈரச் சிமெண்டு. ஒரு ரொட்டித் துண்டு.
"என்ன நிறம்?"
"பழுப்பு. ஒரு காது கிழிசல்."
கேட்டிருக்கக்கூடாது. கால் உறைந்துவிட்டது.
கைப்பிடியைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
இடது காலை உயரத் தூக்கி
நாயைத் தாண்டினாள்,
வாசலில் ஒருநாளும் வராத அகலத்தில்.
நானும் தாண்டினேன், முட்டி வலியோடு,
வாலை மிதிக்காமல்.

இன்று காலை மறுபடி அதே வாசல்.
அடுப்பில் பால்.
புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு
"பார், அந்த நாய் இங்கே படுத்திருக்கிறது" என்றேன்.
பட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"வீட்டுக்குள் ஏது நாய்? உனக்கென்ன ஆயிற்று?"

பால் பொங்கி வழிந்தது.
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
அவள் பாதத்துக்கு முன்னால்
என் காலைக் குறுக்கே நீட்டினேன்,
கிழிந்த கம்பளிச் செருப்போடு.

வாய் திறக்காமல்.

தாண்டினாள்.