நகச்சாயம் அகற்றவும்

படிவத்தில் ஏழாவது வரி அது.
பல்செட், மோதிரம், கண் லென்ஸ்,
பிறகு நகச்சாயம்.
ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சின்னக் கட்டம்.
டோங்யோங் துறைமுகத்து மருத்துவமனையில்
பதினோரு வருடமாய்
கட்டம் நிரப்புகிறவள் நான்.

தாக் மல்சுன். அறுபத்து மூன்று. பித்தப்பையில் கல்.
சிப்பி சீசன் தொடங்கப் பத்து நாள்தான் இருக்கிறது,
அதற்குள் என்னைத் தைத்து அனுப்பிவிடுங்கள் என்றாள்
தையல்காரனிடம் சட்டை கொடுப்பதுபோல.

தினமும் எடுக்கும் மருந்துகள்?
முகத்துக்கு அரிசி கழுவின தண்ணீர்.
தலைக்குக் காமெலியா விதை எண்ணெய், மூன்று சொட்டு,
மிச்சம் கையில் இருப்பதை முழங்கைக்கு.
வெயிலில் தோல் காந்தினால் வெள்ளரிக்காய்,
முகத்தில் பாதி, வாயில் பாதி.
நான் எழுதினேன்: இல்லை.

கையை நீட்டுங்கள் என்றேன்.
ரேகைகளுக்குக் குறுக்கே
சிப்பிக் கத்தி போட்ட வேறு ரேகைகள்.
உப்பு அரித்த முட்டிகள்.
நுனியில் மட்டும் பத்து நகங்கள்
நனைந்த செங்கல் நிறத்தில்,
அடியில் அரிசியளவு வெள்ளை முளைத்து.

அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தேன்.
பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.
அழுத்தித் துடைத்தேன்.
என் விரல்தான் எரிந்தது,
ஒரு நாளைக்கு அறுபது தடவை
கிருமிநாசினி குடிக்கும் என் விரல்.
அவள் சிரித்தாள்.
"பூசினதுன்னா போகும் பெண்ணே.
இது ஊறினது."

காசித்தும்பை.
ஆகஸ்டில், கொட்டகை பூட்டிக்கிடக்கும் மாதத்தில்
பூவும் இலையுமாய்க் கிள்ளி
படிகாரம் ஒரு துண்டு, உப்பு இரண்டு கல்
போட்டு நசுக்கி
நகத்தில் அப்பி, இலை சுற்றி, நூல் கட்டி
விடியும்வரை மல்லாந்து கிடக்க வேண்டுமாம்,
மூக்கு அரித்தாலும்.
இடது கைக்கு வலது கை கட்டிவிடும்.
வலது கைக்கு?

கேட்டிருக்கக் கூடாது.
காதுவரை சிவந்தாள்,
அதற்கு எந்தப் பூவும் தேவைப்படவில்லை.
"கீழ்வீட்டு மாங் சங்டெக்.
வலை பின்னுகிறவன். முடிச்சு அவிழாது.
காலையில் கத்தரிக்கோல் கொண்டு
அவனே வர வேண்டியதாயிற்று."

முதல் வெண்பனி விழும்வரை நிறம் நின்றால்
முதல் காதல் கைகூடும் என்று
பள்ளிப் பிள்ளைகள் சொல்வது எனக்கும் தெரியும்.
சொன்னேன்.
"முதலாவது செத்து ஒன்பது வருஷம்," என்றாள்,
"இது எத்தனாவது என்று
பூ எண்ணிக்கொண்டா இருக்கும்?"

மயக்க மருத்துவர் பியோன் கடிகாரம் பார்த்தார்.
சாயம் போட்ட விரலை நம்ப முடியாது,
காதில் மாட்டு என்றார்.
முடியை ஒதுக்கினேன். எண்ணெய் வாசம்,
பச்சைக் கொட்டையை உடைத்தாற்போல.
மடலில் கவ்வியை மாட்ட
திரையில் தொண்ணூற்றேழு.
ஏழாவது கட்டத்தில்
டிக் போடவா பெருக்கல் போடவா என்று
பேனா நின்றது.
சக்கரக் கட்டில் நகர்ந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் மறுபரிசோதனைக்கு வந்தாள்
ரப்பர் பூட்ஸோடு, கடல் நாற்றத்தோடு.
காயம் ஆறியிருந்தது.
நகங்களை வெட்டவே இல்லை,
கையுறை இரண்டு ஜோடி கிழிந்ததாம்.
நுனியில் பிறை அளவு சிவப்பு.

இந்த ஊரில் பனி
வந்தால் உண்டு, வராத வருடங்களே அதிகம்.
"சியோலில் நேற்று ராத்திரி பெய்திருக்கிறது,"
என்றாள் என்னிடம்,
நான் வானிலை இலாகா என்பதுபோல,
"அது கணக்கில் சேருமா?"

நடைபாதை பெஞ்சில் இருந்த ஆள்
மீன் செதில் ஒட்டிய ஜாக்கெட்டில் தேடி
போனை எடுத்தான். மகள் அனுப்பிய வீடியோ:
ஏதோ ஒரு பேருந்து நிறுத்தம்,
விளக்கு வெளிச்சத்தில் மெல்ல மெல்ல வெள்ளை.

அவள் திரைமேல் சுண்டுவிரலை வைத்தாள்.
குளிரவில்லையே என்றாள்.
எடுக்கவும் இல்லை.