ஒரே கதவில் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள்

உலான்பாதரிலிருந்து பதினோரு மணிநேரம்.
பாதியில் தார் முடிந்துவிட்டது;
அப்புறம் ஓட்டுநர் மலைகளைப் பார்த்து ஓட்டினார்.

என் பையில் மடிக்கணினி, கேள்வித்தாள்,
அமைச்சகத்தின் சந்தேகம் ஒன்று:
தால்பூலாக் சுகாதார நிலையப் பதிவேட்டில்
நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள்
ஒரே கதவு எண்ணில் குடியிருக்கின்றன.
மோசடி, என்று ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.

அந்தக் கதவைத் தட்டினேன்.
அது சுகாதார நிலையத்தின் கதவு.

எழுத்தர் டுல்மா
அடுப்புக்கு வறட்டி திணித்தபடியே சொன்னாள்:
"எண் போடாவிட்டால் உங்கள் திரை நகர மாட்டேன் என்கிறது.
சிவந்து நிற்கிறது.
புல்லுக்குப் பின்னால் போகிறவனுக்குக் கதவு எண் ஏது?
காய்ச்சல் பிள்ளையைச் சுமந்து நிற்பவளைத்
திருப்பி அனுப்பவா?
என் கதவைக் கொடுத்தேன்."

பிறகு மேசைக்குள்ளிருந்து
கொழுப்புக் கறை படிந்த ஒரு நோட்டு.

கோம்போசுரேன்: பனியில் கறுப்புப் பாறைக்குத் தெற்கே.
வசந்தத்தில் மாமனார் கிணறு.
கோடையில் ஆறு எங்கே இருக்கிறதோ அங்கே.
ஸோல்ஜாயா: இரண்டாம் பிரசவம். சிக்னல் இல்லை.
மேட்டில் நின்று ஹாரன் அடித்தால் மகன் வருவான்.

எங்கள் முப்பத்தாறு அட்டவணைகளும்
அந்த நோட்டின் முன் கைகட்டி நின்றன.

பெட்டியருகே "கட்டாயம்" என்று மிரட்டும்
சின்னச் சிவப்பு நட்சத்திரம்.
அதை அழிக்க
ஏழு கூட்டம், பதினான்கு கையெழுத்து,
இரண்டு குளிர்காலம்.
கதவு எண் போய் நான்கு பெட்டிகள் வந்தன,
பருவத்துக்கு ஒன்றாக.
ஹாரனுக்குப் பெட்டி செய்யத் தெரியவில்லை.
"குறிப்பு" என்று கொஞ்சம் வெற்றிடம் விட்டோம்,
இருநூறு எழுத்துக்குள்.

அந்த வசந்தத்தில் தடுப்பூசி ஜீப்
ஒரு கூடாரத்தையும் தவறவிடவில்லை.
எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, சட்டமிட்டு.

அடுத்த கடிதம் கடன் வசூல் துறையிடமிருந்து.
உங்கள் புதிய பட்டியல் மிக அருமை,
எங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும்.
கால்நடை பாதி செத்த வருடம் அது.
மேலிடம் அன்றைக்கே சரி என்றது.
நான் டுல்மாவை அழைத்துச் சொன்னேன்.
அவள் எதுவும் கேட்கவில்லை;
அடுப்புக் கதவு சாத்தும் சத்தம் மட்டும்.

இன்று காலை பதிவேட்டைத் திறந்தேன்.
அறுபத்தொரு குடும்பங்கள்
ஒரே இரவில், ஆடு மாடு எதுவும் ஓட்டாமல்,
பழைய கதவுக்கே குடிபெயர்ந்திருந்தன.
நால்பருவத்துக்கும் அதே எண்.

பிழை என்று குறிக்கப் போன விரலை
மடக்கிக்கொண்டேன்.
யார் யார் திறந்து பார்க்கலாம் என்ற பக்கத்தை
நாங்கள் இன்னும் எழுதவே இல்லை.