ஆறாயிரத்துக்கு மேல்

கேபிள் வந்த அன்று
மாடிப்படியில் என்னை மறித்து
பெட்டியைத் திறந்து காட்டினார் ஸ்பினெக்.
உள்ளே வெல்வெட்டில்
உரித்துப்போட்ட பாம்புச் சட்டைபோல
இரண்டு வெள்ளிப் பின்னல்கள், முழ நீளத்தில்.
ஆறாயிரத்து நானூறு கொருனா.
ஓய்வூதியத்தில் மூன்றில் ஒன்று.
"மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார்.
மனைவி பிரிந்துபோய் ஒன்பது வருடம்.
பழக்கம்.

ஒஸ்ட்ராவாவில் நவம்பர்.
முனையில் டிராம் திரும்பும்போது
தண்டவாளம் கிறீச்சிடும்.
நான் பல்லைக் கடிப்பேன்.
அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருவார்.

ஏன் என்று எனக்குத் தெரியும்.
மருத்துவமனையின் இரண்டாம் தளத்தில்
காது சோதிப்பது என் வேலை.
மார்ச்சில் அவரைக் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து
"சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்" என்றவள் நான்.
ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம்
சமர்த்தாக அழுத்தினார்.
மூவாயிரத்தில் யோசித்தார்.
நாலாயிரத்தில் கோடு
சரிவில் கால் தவறியவன்போல் இறங்கியது.
ஆறாயிரத்துக்கு மேல்
கூண்டுக்குள் ஒரு மனிதர்,
கையில் பொத்தான்,
முகத்தில் காத்திருப்பு.

எஃகு உருட்டாலையில் முப்பத்தோரு வருடம்.
காதடைப்பானைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தாராம்,
யாராவது கூப்பிட்டால் கேட்காமல் போய்விடுமே என்று.

ஒரு வாரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது.
"வாருங்கள், ஹெத்விகா. உங்கள் காது வேண்டும்."

நாற்காலிக் கால்கள் எங்கே நிற்கவேண்டும் என்று
தரையில் சாக்பீஸ் வட்டங்கள்.
ஸ்பீக்கர்களுக்கு நடுவே எதுவும் இல்லை,
ஒரு பூத்தொட்டிகூட.
ரெக்கார்டு ஏதோ மலையூர்ப் பள்ளிப் பெண்களின் கூட்டுப்பாட்டு.
அட்டைப் படத்தில்
மூன்றாம் வரிசை, இடமிருந்து நாலாவது,
கண்ணை மூடிவிட்டவள் அவர் அக்கா.

ஊசி இறங்கியது.
"அந்த ‘ஸ்’ஸைக் கேளுங்கள்.
சொல் முடிகிற இடத்தில்
இருபது பேரும் ஒரே மூச்சில் மெழுகுவர்த்தியை அணைக்கிற மாதிரி.
பழைய கேபிளில் இது இல்லவே இல்லை."

கேட்டேன்.
‘ஸ்’ இருந்தது.
அதற்கும் மேலே
கொசுவுக்குச் சளி பிடித்தாற்போல்
ஒரு மெல்லிய சீழ்க்கை.
பெண்கள் மூச்சு வாங்க நின்றார்கள்.
அது நிற்கவில்லை.

முழங்காலிட்டுப் பின்பக்கம் பார்த்தேன்.
வெள்ளிப் பின்னலுக்குக் கவசம் கிடையாது,
பட்டுநூல் உறை மட்டும்.
அதை உரசிக்கொண்டு சுவர்ப் பிளக்கில்
இணையப் பெட்டியின் மலிவான அடாப்டர்.
அது முணுமுணுப்பதையெல்லாம்
வெள்ளி ஒன்றுவிடாமல் வாங்கி
ஆம்ப்ளிஃபயரிடம் கோள் சொல்கிறது.
இலவசமாக வந்த பழைய கறுப்புக் கேபிள்
அலமாரிக்கு அடியில் தூசியில் கிடந்தது.
காதைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்த ரகம்.

ஆக, கேபிள் மாற்றத்தான் செய்கிறது.
அவருக்குக் கேட்காத இடத்தில்.
அவருக்குக் கேட்டது எந்தக் கம்பி வழியாக வந்தது?
என் வரைபடத்தில் அதற்குக் கட்டமில்லை.

கடைக்காரன் உங்கள் காதில் பூச் சுற்றிவிட்டான் என்று
சொல்லியிருக்கலாம்.
நுனிநாக்குவரை வந்தது.
"அக்கா குரல் தனியாகத் தெரிகிறதா?" என்றார்.
தெரிகிறது என்றேன்.
இருபதில் எது என்று அவர் கேட்கவில்லை.

காப்பி போட அவர் உள்ளே போனதும்
காதும் காதும் வைத்தாற்போல்
அடாப்டரைப் பிடுங்கினேன்.
பச்சை விளக்கு அணைந்தது.
சீழ்க்கை நின்றது.
பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது,
யாரோ அதன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டதுபோல.

இரண்டு கோப்பைகளுடன்
வாசலிலேயே நின்றுவிட்டார் ஸ்பினெக்,
தலையைச் சற்றே சாய்த்து.
"என்ன செய்தீர்கள்?"

விளக்கைத்தான் பார்த்திருப்பார் என்று
அவர் கண்களைப் பார்த்தேன்.

மூடியிருந்தன.