பட்டியல் காலியாக இருந்தால்

மண்டபம், வடக்குத் துறை.
சங்கக் கட்டட மாடியில், ஐஸ் அரைக்கும் சத்தத்துக்கு மேலே
என் மேசை.
வார்ப்புரு நூலகத்தை நிறுவ ஒற்றை வரிக் கட்டளை தட்டினேன்.
அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது.
கைப்பேசி அதிர்ந்தது:
"இலங்கைக்கு வரவேற்கிறோம்."
அக்கரைக் கோபுரம் என்னை எட்டிப் பிடித்திருந்தது.
எழுந்து தெற்கு ஜன்னலுக்குப் போனேன்.
மிச்சமும் இறங்கியது,
கூடவே நான் கேட்காத நாலு சின்ன நூலகங்கள்,
வலையில் நண்டோடு ஏறி வரும் பாசி மாதிரி.

வார்ப்புருவின் வேலை இவ்வளவுதான்:
பெயரை எழுதாமல் பெயருக்கு இடம் விடும்.
நெளிந்த இரட்டை அடைப்புக்குள் படகு,
அடுத்து டோக்கன் எண், போன நேரம்.
ஒரு வரி எழுதினால்
நூற்றுப் பதினெட்டுப் படகுக்கும் சுற்றி வரும்.

முதல் நாளே சண்டைக்கு வந்தவர் சந்தியாகு & சன்ஸ்.
திரையில் அவருக்கும் சன்ஸுக்கும் நடுவே
'ஆம்ப்' என்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.
"யாருய்யா இவன், எனக்குத் தெரியாத பங்காளி?"
பாதுகாப்புக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குறியை
நான் இரண்டுமுறை மாற்றியிருந்தேன்.

காலிப் பட்டியலுக்கும் ஒரு வாக்கியம் எழுதலாம்.
கரை திரும்பாத படகுகள்: ஒன்றுமே இல்லையென்றால்?
கையேட்டு உதாரணத்தில் "தரவு இல்லை" என்றிருந்தது.
விடிகாலை நாலு மணிக்குத் துறையில் நிற்பவளுக்கு
அது என்ன பேச்சு?
அழித்துவிட்டு எழுதினேன்:
"எல்லாப் படகுகளும் கரை சேர்ந்தன."
எழுதிவிட்டு இரண்டுமுறை வாசித்துக்கொண்டேன்,
அவ்வளவு பிடித்திருந்தது.

ஐப்பசியில், வாடை எழும்பிய ஓர் இரவு,
தரவுத்தளம் இருந்த கணினிக்கு மின்சாரம் போனது.
பக்கம் உடையக் கூடாதென்று
பிழையை விழுங்கி வெற்றுப் பட்டியல் கொடுக்கும்படி
முன்பே எழுதி வைத்திருந்தேன்.
கொடுத்தது.
கீழே பெரிய திரையில் என் வாக்கியம்
பச்சை நிறத்தில்.

கித்தேரி வாசித்தாள்.
"சேந்துருச்சாம்" என்று தெருவுக்கே போன் போட்டாள்.
வீட்டுக்குப் போய் வெந்நீர் வைத்தாள்.
அவள் புருஷன் இன்னாசியின் படகு அந்நேரம்
தீடைக்கு வெளியே
இன்ஜின் அணைந்து மிதந்துகொண்டிருந்தது.

பத்தரைக்கு இழுத்து வந்தார்கள். ஆள் சேதமில்லை.
கித்தேரி மாடியேறி வந்தாள்.
திட்டுவாள் என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.
"தெரியலன்னா தெரியலன்னு போடு தம்பி.
நாங்க முழிச்சிருப்போம்ல."

இப்போது வார்ப்புருவில் மூன்று கிளைகள்.
பெயர்கள் இருந்தால் பெயர்கள்.
உண்மையாகவே இல்லையென்றால் பச்சை வாக்கியம்.
இரண்டுக்கும் முன்னால், கேட்ட கேள்விக்குப் பதிலே வராவிட்டால்:
"இன்னும் தெரியவில்லை. கடைசியாகத் தெரிந்தது 4.12 மணிக்கு."

சோதிக்க, வயரைப் பிடுங்கினேன்.
திரை மாறியது.
கீழே ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து வாசித்தார்,
மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு
கடலைப் பார்க்கத் திரும்பினார்.