ஒரே நேரம்

சிக்காகோவோ ஹூஸ்டனோ,
வெள்ளிக்குள் சொல்லவேணும் என்கிறான் சுகிர்தன்.
இரண்டிலும் வேலை கிடைச்சிருக்காம்.
ஒன்றில் வாடகை கூட, கார் தேவையில்லை.
மற்றதில் வீடு மலிவு,
காரில்லாமல் முட்டை வாங்கவும் போகேலாது.
"நீயும் வந்து இருக்கப்போற இடம், நீயே சொல்லு."

அறிவியல்நகர் பஸ்ஸில் நின்றபடி கேட்கிறேன்.
இரணைமடுச் சந்தியில் குரல் உடைகிறது.

போன கிழமை எங்கள் லைனில்
பஞ்சு வைத்த கோட்டு,
ஒரு கைக்கு நாற்பத்திரண்டு செக்கன்.
இந்தக் கிழமை கையில்லாத பெனியன்.
எந்த ஊருக்கென்று லேபலில் இல்லை.

சிக்காகோவில் மூக்கு விறைக்குமாம்.
ஹூஸ்டனில் எங்கட வெயில்தானாம்,
ஆனால் வெள்ளம் வருமாம்.
குளத்துக் கதவு திறந்த இரவில்
தையல் மெஷினைக் கட்டிலுக்கு மேல் ஏற்றி
பக்கத்தில் குந்தியிருந்தவளுக்கு
வெள்ளத்தைச் சொல்கிறான்.

விசா எப்பவென்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

தேத்தண்ணி நேரம்
அனுசுயா போனில் தட்டிப் பார்த்தாள்:
இரண்டு ஊருக்கும் ஒரே நேரமாம்.
நான் காலையில் கார்டு அடிக்கையில்
எங்கே இருந்தாலும்
அவனுக்கு முந்தினநாள் இரவு.

"மலிவானதை எடு" என்று எழுதினேன்.
அழித்தேன்.
"கோட்டுக்கு உன்ர தோளளவு அனுப்பு."