எழுபத்தொரு சென்டிமீட்டர்

மலிவு டிக்கெட்டில்
காலுக்கு எழுபத்தொரு சென்டிமீட்டர்.
அடுத்த கம்பெனியில் எழுபத்தொன்பது.
நடுவிலுள்ள எட்டுக்கு
பதினான்காயிரம் தினார்.

பெல்கிரேடில் ட்ராம் ஓட்டும் தேசங்கா
டேப் பிடித்து அளந்து
சமையலறை நாற்காலியைச் சுவரைப் பார்க்கப் போட்டு
உட்கார்ந்துவிட்டாள்,
சாவோ பாவ்லோ வரை.

வுகாஷின் காப்பி நீட்டினான்.
“காசா, சும்மாவா?”
“காசுதான். பெட்டிக்கும் தனி.”

நான்காம் மணியில் முட்டி சுவரைத் தொட்டது.
ஏழில் இடது கால் மரத்தது.
சுவரில் ஒரு பழைய ஆணித்துளை;
அதையே ஜன்னலாக வைத்துக்கொண்டாள்.

பத்தாம் மணியில்
நொண்டிக்கொண்டே போய்த் திரையைத் தொட்டால்
விலை ஏறிவிட்டிருந்தது.
அவள்தான் இன்னும் ஏறவில்லை.

“வுகாஷின், நாற்காலியை எடுக்காதே.
நாளைக்கு எழுபத்தொன்பது.”