பூசி

காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு வைத்து
இருபத்துநாலு மணித்தியாலம் பார் என்கிறது போத்தல்,
ஜெர்மனில், பிரெஞ்சில், இத்தாலியனில்.
முதல் பசைக்கு விடியவே தோல் பதில் சொல்லிவிட்டது:
மிளகாய் அரைத்த கை பட்டதுபோல.
முப்பத்தெட்டு பிராங்க், குப்பைக்கு.

அடுத்தது நாடா, இருபக்கமும் ஒட்டுவது.
பிறை பிறையாக ஆறு துண்டு வெட்டி
நெற்றி ஓரத்தில் வைத்தேன்.
தூன் நகரத்து ஜூலை. குளியலறை நீராவி.
நாலாவது ஆளுக்கு முதுகு தேய்க்கையில்
வியர்வை அடியில் வழி கண்டுபிடிக்க
இடது ஓரம் எழும்பி எட்டிப் பார்த்தது
திரைச்சீலை விலக்கும் அயல்வீட்டுக்காரி மாதிரி.

மூன்றாவது சிலிக்கோன்.
"ஆறு கிழமை" என்றாள் கடைப்பெண், குரலைத் தணித்து.
மழை, ஏரி, தலையணை, எதற்கும் அசையாதாம்.
ஆசைதான்.
என் சொந்த முடி அவ்வளவு விசுவாசம் காட்டவில்லை.
ஒரு மாசியில் சில்லறை சில்லறையாகக் கழன்று
போகும்போது புருவத்தையும் கூட்டிக்கொண்டு போனது.

ஆனால் எனக்கு வேலை முதியோர் இல்லத்து மூன்றாம் மாடியில்.
கட்டிலால் எழுப்பும்போது ஃப்ராவ் ரேபர்
அகப்பட்டதைப் பிடிப்பார்:
கம்பியை, என் சங்கிலியை, ஒருநாள் காதை.
முடியைப் பிடிக்கும் நாளும் வரும்.
அன்றைக்கு எது முதலில் கழர வேண்டும்,
பசையா, தோலா?
கேட்டேன். கடைப்பெண்
போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தாள்.

அப்படித்தான் நாலாவதை எடுத்தேன்.
தண்ணீர்ப் பசை, பால் வெள்ளை.
நாலு நாள் தாங்கும், வியர்த்தால் இரண்டு.

காலை நாலு நாற்பது. பஞ்சில் ஸ்பிரிட்.
எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் கூடாது.
(கரிசலாங்கண்ணித் தைலம் அனுப்பிய மாமிமார் எல்லோரும்
இதை அறிக.)
மெல்லிசாக ஒரு பூச்சு.
வெள்ளை கண்ணாடியாகும் வரை கை வைக்காதே.
இன்னொரு பூச்சு. திரும்பவும் காத்திரு.
பேக்கரி இரவு வேலை முடிந்து நிமலன் வருவான்,
சட்டையில் மாவோடு.
சீப்பு வாலால் வலை விளிம்பை அழுத்தித் தருவான்.
இருவரும் கதைப்பதில்லை.
சிரித்தால் நெற்றி அசையும்.

அது ஒரு வியாழன், ஒக்டோபர்.
ஜன்னலில் மலை முகிலுக்குள் நின்றது.
அதற்கு நீசன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்,
அந்த உயரத்துக்கு.
ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கினேன்.
கை வந்தது.
பிளாஸ்டர் உரிக்கும் சத்தம்,
பிறகு உச்சியில் குளிர்.

தோல் தோலாகவே இருந்தது.
விக் அவர் கையில்.
இருவரும் அதைப் பார்த்தோம்.
மடியில் கிடத்தி, வகிட்டிலிருந்து நுனிவரை தடவினார்.
"பூசி" என்றார். "பூசி, பூசி."

இந்த ஊர்ப் பேச்சில் பூனை.
என் மொழியில் முடியாத வினை.
பூசி... பிறகு?

நான் பறிக்கவில்லை.
கார்டிகனுக்கு ஐந்து பொத்தான்.
வெறுந்தலையோடு ஐந்தையும் போட்டேன்.
கோப்பி வண்டியோடு வந்த யானிக் வாசலில் நின்றான்,
இருபது வயது, காது சிவந்து.
"பால் விடட்டுமா?"
"ரெண்டு பேருக்கும் விடு."

மூன்றாம் மிடறில் ஃப்ராவ் ரேபர் அதை
இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.
"சாப்பிட்டதா?"
"சாப்பிட்டது."

இப்போது ஊழியர் கழிப்பறைக் கண்ணாடி.
மிஞ்சிய பசை விரலடியில்
சோற்றுக் கஞ்சி காய்ந்ததுபோல் உருண்டு வருகிறது.
எங்கும் சிவக்கவில்லை.
ஸ்பிரிட். ஒரு பூச்சு.
பன்னிரண்டாம் அறையின் மணி அடிக்கிறது.
வெள்ளை இன்னும் தெளியவில்லை.
அடிக்கட்டும்.